மைதாவில் முளைத்த பாசி

அந்த எல்லைக்கல்லில் அந்தப் பாசி தானாக முளைக்கவில்லை, டைரக்டர் ஐயா. நான்தான் மைதாப் பசை தடவி ஒட்டினேன். நீங்கள் வெறுங்காலோடு பெஞ்சின்மேல் நின்றுகொண்டு, "சீக்கிரம் ஒட்டு, சீக்கிரம் ஒட்டு" என்றீர்கள். பிறகு அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதினீர்கள். நீங்கள் எழுதியது பொய்.

இனி இளையவர்களுக்கு.

நம் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உற்சாகம் தருகிற மாதிரி எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வராது. ஈரமான இடத்தில் குனிந்து பாசி சுரண்டுவது, சுரண்டியதைச் செய்தித்தாளில் மடிப்பது, எங்கே எதன்மேல் இருந்தது என்று மேலே எழுதுவது, இதுதான் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை. இதில் உற்சாகம் எங்கே இருக்கிறது? காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டைதான் இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை இத்தனை காலம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கு வேறொரு காரணம் வந்துவிட்டது. அதன் பெயர் மல்லிகா.

மல்லிகா கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண். கல்லூரியில் தற்காலிக வேலை. முனைவர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குடுவைப்பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். குடுவைப்பாசி என்பது எங்கள் முகாமில் நாங்கள் வைத்த பெயர். புத்தகப் பெயர் துறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். ஈரல்பாசி இனம். பச்சைக் கம்பளம் போல நிற்காது. மரப்பட்டையோடு பட்டையாக, செம்பழுப்பாக, யாரோ தேநீரைச் சிந்திக் காயவிட்ட கறை மாதிரி கிடக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் இலைக்கு அடியிலும் ஒரு குட்டிக் குடுவை தெரியும். அதில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோலைக்காட்டு மரத்தில் வரும். பாறையில் வராது.

"பாறையில் வராது" என்று மல்லிகாவும் எழுதினாள். அவளுடைய ஆய்வைத் திருத்தியவர் எங்கள் பழைய பாசித் திட்டத்து டைரக்டர். திருப்பி அனுப்பிவிட்டார். எல்லைப் பகுதியில் கருங்கல்மேல் அது வளர்வதாக எழுபதுகளிலேயே அவர் எழுதிவிட்டாராம், இந்தப் பெண் சரியாகத் தேடவில்லையாம். பாவம், அவள் மறுபடியும் போய் மழையில் ஒவ்வொரு பாறையாகத் தடவியிருக்கிறாள். கடைசியில் யாரோ சொல்லி, பெருமாட்டியில் என் வீட்டைத் தேடி வந்தாள்.

"ஏனுங்கய்யா, நீங்க அந்தக் கல்லைப் பாத்திருக்கறீங்களா?"

"பாத்திருக்கறேன்."

"அதுல குடுவைப்பாசி இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

அவள் முகம் தொங்கிவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் ஒட்டுனேன்" என்றேன்.

 அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சிரித்தாள். "எதைப் போட்டு ஒட்டுனீங்க?" என்று கேட்டாள். ஆராய்ச்சிக்காரி என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும்.

எழுபதுகளில் பாலக்காட்டு மலைகளில் தொடங்கி இடுக்கியின் கிழக்கு எல்லைவரை பாசிகளைத் தேடிப் பதிவு செய்ய ஒரு திட்டம் போட்டார்கள். டைரக்டர் அதற்குத் தலைவர். நான் களப்பணியாள். ஒரு ஜீப், அதற்கு ஒரு டிரைவர். எங்கள் வீட்டில் நல்ல தென்னந்தோப்பு இருந்தது. அதை விட்டுவிட்டுப் பாசி எடுக்கப் போகிறேன் என்று ஊரில் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். "பையன் பாரஸ்ட்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். கோவிந்தாபுரத்தில் தேங்காய் வியாபாரி ஒருவருக்கு மட்டும் உண்மை தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கறையாக விசாரிப்பார்: "ஏந் தம்பி, பாசி இப்ப கிலோ என்ன வெலைக்குப் போகுது?"

சூரியநெல்லிக்கு மேலே, எஸ்டேட் பாதை முடிந்து மலை விளிம்பு தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பேச்சியம்மாள் என்கிற பெண்மணி நடத்தினாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். கணவன் இறந்த பிறகு கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுக் கடை போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மூங்கில் தடுப்பு. அதற்குக் காவலாக மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற கார்டு ஒருவர். வண்டி வந்தால் மூங்கிலைத் தூக்குவார், வராவிட்டால் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பார்.

கடைக்குப் பின்னால் ஓர் ஓடை. அந்த ஓடைதான் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை என்று அங்கே எல்லோரும் வைத்திருந்தார்கள். ஆனால் ஓடை நினைத்தபடி வளைகிற ஓடை. உண்மையான எல்லைக்கு ஒரு கல் இருக்கிறது, அதைக் காணோம் என்று ஒரு பேச்சும் இருந்தது. அதைத் தேடி ஆண்டுக்கொரு முறை இரண்டு மாநில சர்வேயர்களும் சேர்ந்து வருவார்கள். சங்கிலியும் கொடியும் கொண்டுவருவார்கள். பேச்சியம்மாள் கடையில் உட்காருவார்கள். பரோட்டா சாப்பிடுவார்கள். கல்லைக் காணோம் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

நாங்கள் போய் இறங்கிய அன்று மதியத்திலிருந்து மழை. டைரக்டரின் பூட்ஸ் ஊறிப்போய், நடந்தால் தவளை மாதிரி சத்தம் போட்டது. பேச்சியம்மாள் அதை வாங்கி அடுப்போரம் காயவைத்தாள். மழை விட்டதும் டைரக்டருக்குக் கை அரித்தது. வெறுங்காலோடு கத்தியை எடுத்துக்கொண்டு கடை முற்றத்துக்குப் போனார். அங்கே முழங்கால் உயரத்துக்கு உருண்டையாக ஒரு கல் இருந்தது. கல் என்று சொன்னால்தான் கல் என்று தெரியும். பார்த்தால் பச்சைத் தலையணை. பேச்சியம்மாள் அதன்மேல் பாத்திரம் கவிழ்ப்பாள்.

நம் தொழிலில் ஒரு விதி உண்டு. உள்ளங்கை அளவு எடு, மீதியை விட்டுவிடு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே டைரக்டர்தான். அன்று அவர் கல்லையே மொட்டையடித்துவிட்டார். "இது புதுசா இருக்கலாம், புதுசா இருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி அடிமுதல் நுனிவரை வழித்தார். நான் மடித்துக் கொடுத்த காகிதப் பொட்டலங்கள் நிரம்பிவிட்டன. முடிந்து பார்த்தால் நன்றாகச் செதுக்கிய சதுரக்கல் ஒன்று நின்றது. ஒரு பக்கம் ஓர் எழுத்து, எதிர்ப் பக்கம் வேறோர் எழுத்து.

முதலில் பார்த்தவர் கார்டு. டீ டம்ளரோடு எழுந்து வந்தார்.

"சாரே, எந்தா இது? இது அதிர்த்திக் கல்லல்லே? நாளைக்கு ரெண்டு சைடு சர்வேகாரங்களும் வரானுங்க சாரே!"

எல்லை என்பதை அவர் அதிர்த்தி என்றுதான் சொல்வார். அந்தக் குரலைக் கேட்டுப் பேச்சியம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆத்தீ! ஏங் கல்ல என்னய்யா செஞ்சு வச்சிருக்கீக?"

"கல் கிடைத்துவிட்டதம்மா. அவர்களுக்கு வேலை மிச்சம்" என்றார் டைரக்டர், பெருமையாக.

"வேல மிச்சமா? நல்லாப் பாருங்கய்யா. இந்தக் கல்லுதான் எல்லன்னா ஏ அடுப்பு தமிழ்நாட்டுல கெடக்கு, ஏ பெஞ்சு கேரளாவுல கெடக்கு. அங்கிட்டுக் காச்சி இங்கிட்டு ஊத்துனா அது கடையா, கடத்தலா? நாளைக்கு ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கடையத் தூக்குன்னு சொல்லுவாக. தூக்கி எங்கன வைக்க? ஒங்க சீப்பு வண்டியிலயா?"

கார்டு மூங்கிலைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் தப்பான பக்கத்தில்தான் இருந்தது. இவ்வளவு நாள் தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேரளத்துக்காகக் காவல் காத்திருக்கிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பேச்சியம்மாள் கையை நீட்டினாள். "பாசியக் குடுங்க."

"அம்மா, இது சயின்ஸ்."

"சயின்ச நீங்களே வச்சிக்கிருங்க. ஏம் பாசியக் குடுங்க."

"பொட்டலம் கட்டியாகிவிட்டது. ஒரு துணுக்குகூடத் தர முடியாது."

அவள் உள்ளே போனாள். அடுப்போரம் இருந்த பூட்ஸை எடுத்தாள். மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"பாசி வந்தா பூட்சு வரும்."

இப்போது நிலைமையைப் பாருங்கள். மழை விட்டு ஈரம் நிற்கிறது. முற்றம் முழுக்க அட்டை. டைரக்டர் வெறுங்கால். அட்டைகளுக்கு அவருடைய பதவி தெரியாது. அவர் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே அறிவியலின் முக்கியத்துவத்தைப் பற்றிப் பேசினார். பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டே மாவு பிசைந்தாள். ஜீப் டிரைவர் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிரித்தான்.

"சார், திருப்பி வெச்சுரலாமுங்க. உள்ளங்கையளவு நமக்குப் போதுமுங்க" என்றேன்.

"முடியாது. இதில் ஒன்று புதிய இனமாக இருந்தால்?" அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். கடைக்கு மேற்புறம் காற்றில் விழுந்த சோலை மரம் ஒன்று கிடந்தது. "அதிலிருந்து உரித்துக்கொண்டு வந்து ஒட்டிவிடு. எந்தப் பாசியாக இருந்தால் என்ன? பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதானே?"

இதை மறந்துவிடாதீர்கள். வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய், எல்லாப் பாசியும் ஒன்றல்ல என்று பேசியவர் சொன்ன வாக்கியம் இது. ஒரு ஜோடி பூட்ஸ் அதற்குப் போதுமானதாக இருந்தது.

நான் போய் உரித்தேன். அந்த மரத்தில் இருந்தது பெரும்பாலும் குடுவைப்பாசி. பட்டையிலிருந்து தட்டையாக உரிந்து வரும், ஒட்டுவதற்கு வசதி. லேபிள் ஒட்டுகிற பசை எங்களிடம் தீர்ந்துவிட்டிருந்தது. பேச்சியம்மாள் பரோட்டா மைதாவில் ஒரு கை அள்ளித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிக் கொடுத்தாள். கல்லில் தடவி, பாசியை வைத்து, அமுக்கினேன்.

"சினிமா நோட்டீசு ஒட்டுத மாதிரி ஒட்டாத தம்பி. தள்ளு" என்று அவளே உட்கார்ந்தாள். அவள் வறட்டி தட்டுகிற கைப்பழக்கத்தில் தட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் ஐந்து விரலும் பதிந்தது. கார்டு தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கண்டால் பாசி போல இல்ல கேட்டோ. கம்பளி போத்தின கொழந்த போல உண்டு."

"அப்ப நீரு வந்து ஒட்டும்."

"ஞான் கவர்மென்ட் ஸ்டாப் ஆணு. ஞான் கண்டிட்டே இல்லா."

பார்க்கவே இல்லை என்றவர் அதன் பிறகும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இடைவெளிகள் வெள்ளையாகத் தெரிகின்றன என்று அவர்தான் சொன்னார். பேச்சியம்மாள் வடிகட்டியைத் தட்டி, டீத்தூள் சக்கையை எடுத்து இடைவெளிகளில் அப்பினாள். இப்போது மண் மாதிரி ஆனது. டைரக்டர் பெஞ்சில் நின்றபடி, "சீக்கிரம் ஒட்டு" என்றார். பெட்டி திறந்தது. பூட்ஸ் வந்தது. அடுப்புப் புகை வாடையோடு அதை மாட்டிக்கொண்டு அவர் மறுபடியும் டைரக்டர் ஆனார்.

மறுநாள் காலையில் சர்வேயர்கள் வந்தார்கள். மேற்கிலிருந்து வந்தவர் ஒல்லி, குடையும் ரப்பர் செருப்புமாக. கிழக்கிலிருந்து வந்தவர் நல்ல கனமான ஆள். இரண்டு பேரும் பல வருட நண்பர்கள். ஆட்கள் சங்கிலியை ஓடைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், புதருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். சர்வேயர்கள் முற்றத்துக்கு வந்தார்கள்.

கனமான சர்வேயர் நேராகப் போய்க் கல்லின்மேல் உட்கார்ந்தார்.

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம், இதை யோசிக்கவில்லை. அந்தக் கல்தான் வருடா வருடம் அவர் உட்காருகிற இடம்; அவசரத்தில் பேச்சியம்மாளே அதை மறந்துவிட்டாள். பெஞ்சைவிட மெத்தென்று இருக்குமாம். பேச்சியம்மாள் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. கார்டு மூங்கிலைப் போய்ப் பிடித்துக்கொண்டார், விழாமல் இருக்க. பசை இன்னும் காயவில்லை. மழைமலையில் மைதா எப்படிக் காயும்?

அவர் பரோட்டா சாப்பிட்டார். சால்னா இன்னும் கொஞ்சம் கேட்டார். மகள் கல்யாணத்தைப் பற்றி மேற்கு சர்வேயரிடம் பேசினார். பேச்சியம்மாள் ஒவ்வொரு முறையும், "உக்காருங்கய்யா, உக்காருங்கய்யா, என்ன அவசரம்" என்றாள். கடைசியில் கை கழுவ எழுந்தார். பாசி அவரோடு எழுந்தது. காற்சட்டையின் பின்புறம் முழுக்கக் குடுவைப்பாசி. கல்லில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மேற்கு சர்வேயர் அதற்கு நேர் எதிரில், டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

 புதருக்கு அந்தப் பக்கம் சங்கிலிக்காரன் இருமுவது கேட்டது.

அப்போது டைரக்டர் தொண்டையைச் செருமினார். "ஆக்சுவலி..." என்று தொடங்கினார். படித்த மனிதர், எதையும் விளக்காமல் இருக்க முடியாது. நான் அவர் காலை மிதித்தேன். பூட்ஸ் போட்டிருந்ததால் பலமாக மிதிக்க வேண்டியிருந்தது. என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் சந்தேகமே இல்லாமல் சரியானது என்று இதைத்தான் சொல்வேன். எதையும் சரியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்வார்கள். சொல்லட்டும். ஒருத்தியின் அடுப்பு பறிபோகிற நேரத்தில் வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

மேற்கு சர்வேயர் எழுத்தைப் பார்த்தார். நண்பரின் பின்புறத்தைப் பார்த்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார். பிறகு டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"எந்தா சேட்டா, இந்த வருஷமும் கல்லு காணலையே."

கனமான சர்வேயர் பின்னால் கைவிட்டுத் தடவினார். ஒரு துண்டை உரித்து எடுத்தார். திரும்பிக் கல்லைப் பார்த்தார். அந்தத் துண்டை எழுத்தின்மேல் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார், தபால்தலை ஒட்டுகிற மாதிரி.

"எங்கங்க கெடைக்குது? இந்த மழையில மண்ணுக்குள்ள போயிருக்கும். ஆத்தா, இன்னொரு டீ போடு."

அவ்வளவுதான். அவர்களுக்குக் கல் எத்தனை வருடமாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பேச்சியம்மாள் மீதிப் பாசியை அவர் காற்சட்டையிலிருந்து, "அசையாம நில்லுங்கய்யா" என்று அதட்டியபடி உரித்து எடுத்தாள். அவர்கள் போனபின் பழையபடி ஒட்டினாள். நான் ஒட்டியதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. இன்றைக்குச் சொன்னாலும் ஒட்டுவேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு டீக்கடைக் கதை. முடியவில்லை.

டைரக்டர் தர மறுத்த பொட்டலங்களைத் திரும்பிப் போய்ப் பிரித்துப் பார்த்தோம். அதில் இருந்தது சூரியநெல்லியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரிலெல்லாம் வருகிற சாதாரணப் பாசி. புதிய இனம் இல்லை, அரிய இனமும் இல்லை. அதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். வயதானவர், நல்ல மனிதர், பாசி என்றால் உயிர். அவரை எல்லைப் பக்கம் கூட்டிப்போனோம். டீ குடிக்கப் பேச்சியம்மாள் கடையில் நிறுத்தினோம். நான் கல்லைப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. இல்லை, முன்னைவிட நன்றாக இருந்தது. கல்லை மூடி வைப்பது பேச்சியம்மாளுக்கு வாசல் தெளிப்பது போல் ஆகியிருந்தது. "மழை அடிச்சுப் பேந்துச்சுன்னா அந்த மரத்துல போயி உரிச்சிட்டு வந்து ஒரு கை மைதா வச்சு அப்பிருவேன் தம்பி" என்றாள். விடாத பனியில் பாசியும் செத்துத் தொலையாமல் இருந்தது.

நிபுணர் டீயை வாயில் வைக்கப்போனவர், கல்லைப் பார்த்தார். டம்ளரைக் கார்டின் கையில் கொடுத்தார். கல்லின் முன் மண்டியிட்டார். லென்ஸை எடுத்தார். அவருடைய பாஷையில் ஏதோ கத்தினார்.

பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "என்ன தம்பி, வெள்ளக்காரரு எதக் கும்புடுதாரு?"

"உங்க மைதாவைத்தானுங்க அக்கா."

"நல்லாருக்கட்டும்" என்றாள்.

நிபுணர் திரும்பி, இது கருங்கல்லிலா வளர்கிறது என்று டைரக்டரிடம் கேட்டார். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நிபுணரைத் தனியாகக் கூட்டிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். டீ குடித்துவிட்டுப் போயிருப்போம். கடைக்கும் ஆபத்து இல்லை. டைரக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆமாம். இதை நாங்கள் கொஞ்ச காலமாகவே கவனித்து வருகிறோம்" என்றார்.

திரும்பி வரும்போது நிபுணர் முன் இருக்கையில் தூங்கிவிட்டார். பின்னால் நாங்கள் இருவர்.

"சார், அது நாம ஒட்டுனதுங்க."

"ஒட்டினது அப்பவே செத்திருக்கும். இது தானா வந்தது."

"அடியில மைதா இருக்குதுங்க."

"அது கால்சியம்."

"காலையில பரோட்டாவுக்குப் பெசஞ்ச மாவுங்க சார். அந்தம்மா சொல்லுச்சு."

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"பி.எஸ்சி.ங்க."

"அப்ப அது கால்சியம்."

கட்டுரை வந்தது. கல்லுக்கும் பாசிக்கும் நடுவில் ஒரு வெண்படிவு இருக்கிறதாம், சுண்ணாம்புச் சத்து மிகுந்ததாம், அதனால்தான் இந்த இனம் இங்கே பாறைக்கு மாறியிருக்கிறதாம். இடைவெளிகளில் கருமையான மட்கு காணப்படுகிறதாம். வெண்படிவு பரோட்டா. மட்கு டீ சக்கை. அவர் விவரித்தது ஒரு காலை உணவை. அதற்குப் பாராட்டு, பதவி உயர்வு, மேடை. அதன் பின்னால் எத்தனை மாணவர்கள் மலை மலையாக வெண்படிவு தேடி அலைந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு பையன் சுண்ணாம்பு அடித்த எஸ்டேட் பாலத்தைச் சுரண்டி, ஓவர்சியரிடம் அடி வாங்கினான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மல்லிகாவும் கேட்டாள். பாசியைப் பற்றிச் சொன்னால் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லைப் பற்றி ஊரறியச் சொன்னால் பேச்சியம்மாளின் அடுப்பு போய்விடும். இது டைரக்டருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதினார். ஒரு டீக்கடைக்காரியின் பயத்தின்மேல் ஏறி நின்று பேர் வாங்கினார்.

இப்போது அந்தக் கடை இல்லை. பேச்சியம்மாள் முடிந்தவரை நடத்திவிட்டு, தானாகவே மூடிவிட்டு, போடியில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே நல்லபடியாகக் கண்ணை மூடினாள். முற்றம் இருந்த இடத்தில் அகலமான சாலை போகிறது. கல் சாலைக்கு அடியில் இருக்கலாம். இனி யாருடைய அடுப்பும் அதில் மாட்டாது. மல்லிகாவின் வேலை மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

புதியவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பாசியைப் பார்த்ததும் பெயரைத் தேடி ஓடாதீர்கள். அது எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். மொத்தமாகப் பெயர்ந்து கையோடு வந்தால் சந்தேகப்படுங்கள். கல்லாக இருந்தாலும் சரி, பெரிய மனிதரின் கட்டுரையாக இருந்தாலும் சரி.

அடுத்த மாதம் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைமை நீங்கள்தான், டைரக்டர் ஐயா. மல்லிகா முன் வரிசையில் உட்காருவாள். நான் அவள் பக்கத்தில் உட்காருவேன். மேற்கோள் வேண்டாம், படக்காட்சி வேண்டாம், கால்சியம் வேண்டாம். மேடையில், மைக்கின் முன்னால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பேச்சியம்மாள் பெட்டியில் வைத்துப் பூட்டிய உங்கள் பூட்ஸ், எதைக் கொடுத்த பிறகு உங்கள் காலுக்குத் திரும்பி வந்தது?